முகூர்த்தப் பக்கத்தில் வந்த ‘ரீ’

தப்பு பதினான்காம் பக்கத்தில் இருந்தது. விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரி அய்யாதுரை, 2007 புத்தாண்டு அன்பளிப்பாகத் தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க அடித்த மூவாயிரம் டைரியிலும், முகூர்த்த நாட்கள் இருக்க வேண்டிய பதினான்காம் பக்கத்தில் முகூர்த்த நாட்கள் இல்லை. ஆங்கிலச் சொற்களின் தலையில் வந்து ஒட்டிக்கொள்ளும் ‘ரீ’ என்ற துண்டைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை இருந்தது.

கட்டுரையை எழுதியவன் பாலகுரு. சிவகாசி அச்சகத்துக் கம்ப்யூட்டரில் அதை அடித்தவன் பாலகுரு. பக்கம் கட்டியவன் பாலகுரு. ஃபிலிம் எடுக்க அனுப்புவதற்கு முன் ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்துப் போட்டவனும் பாலகுருதான். பழியைப் பங்கு போட்டுக்கொள்ள இன்னொரு ஆள் இல்லாமல் ஒரு தப்பைச் செய்வதற்குத் தனித் திறமை வேண்டும். அது அவனிடம் முப்பத்தாறு வருஷமாக இருந்தது.

டிசம்பர் முப்பதாம் தேதி காலையில் அய்யாதுரை ஃபோன் செய்தார்.

“ஏய்யா, யாரு பேசுறது? கம்ப்யூட்டரா?”

“ஆமா அண்ணாச்சி. டைரி நல்லா வந்திருக்கா?”

“அட்டை நல்லா வந்திருக்கு. தாளு நல்லா வந்திருக்கு. தையில எங்க மருமகப்பிள்ளையோட தங்கச்சிக்குக் கல்யாணம் வச்சிருக்கு, நாள் பாப்போம்னு பதினாலாம் பக்கத்தத் தொறந்தா, பிறந்த ஊர் ரோமாபுரிங்கிறான். யாருய்யா பிறந்தது?”

பாலகுருவின் கை தானாக மேஜையில் கிடந்த டைரியைத் திறந்தது. கண் ஒரு வரி படித்தது. அப்புறம் அவனுக்கு நாற்காலி தேவைப்பட்டது. நல்லவேளையாக ஏற்கெனவே அதில்தான் உட்கார்ந்திருந்தான்.

“அதுகூடப் பரவாயில்ல,” என்றார் அய்யாதுரை. “கடைசியில யோசித்துச் சொல்லவும்னு போட்டிருக்க. காலையிலேருந்து ஆறு பேரு யோசிச்சுச் சொல்லிட்டாக. அருப்புக்கோட்டைக்காரரு சரிங்கிறாரு. எதுக்குச் சரின்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல.”

ஆறு பேர் சொல்லிவிட்டார்கள். சொல்ல வேண்டிய ஒருத்தி மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவள் கீழ்த்தளத்தில் பைண்டிங் பகுதியில் இருந்தாள். பெயர் இசைவாணி.

இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள டம்மியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டைரி அச்சுக்குப் போகும் முன் ஒரே ஒரு மாதிரிப் பிரதி கட்டிப் பார்ப்பார்கள். அதுதான் டம்மி. தடிமன் சரியா, தையல் எங்கே விழும், வெட்டினால் ஓரம் எவ்வளவு மிஞ்சும் என்று பைண்டிங் பகுதி அதை அளந்து பார்க்கும். அதில் இருக்கும் எழுத்தை யாரும் படிக்க மாட்டார்கள். சீசன் நெருக்கடியில் சில பக்கங்களுக்கு விஷயம் வந்து சேர்ந்திருக்காது. அந்த இடத்தில் ஆபரேட்டர் கைக்குக் கிடைத்த எழுத்தைக் கொட்டி நிரப்பிவிடுவான். விஷயம் வந்ததும் எடுத்துவிட்டு மாற்றுவான். ஊர் முழுக்க நடக்கிற வழக்கம்தான்.

பாலகுரு மட்டும் அந்த இடத்தைத் தபால் பெட்டியாக்கிக்கொண்டான். டம்மியை அளக்கிறவள் இசைவாணி. பென்சிலால் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புகிறவளும் அவள்தான். ஜூலையில் ஒரு காலண்டர் டம்மியின் காலிப் பக்கத்தில், ‘பைண்டிங் பகுதியில் பச்சைச் சேலை கட்டியிருப்பவர் சாப்பிட்டாரா?’ என்று அடித்து அனுப்பினான். காத்திருந்தான். டம்மி திரும்பி வந்தது. கீழே பென்சிலில் எழுதியிருந்தது: ‘வலது ஓரம் கால் இஞ்ச் கூட்டவும்.’

அடுத்த டம்மியில், ‘கூட்டிவிட்டேன். அவருக்குத் திருப்திதானா?’ என்று கேட்டான். ‘இடது ஓரம் குறைகிறது’ என்று பதில் வந்தது.

ஆனாலும் மற்ற பெண்கள் எல்லோரும் அவனை அண்ணே என்று கூப்பிட, இசைவாணி மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ‘கம்ப்யூட்டர்காரரே’ என்பாள். இந்த ஒரு சொல்லை அஸ்திவாரமாக வைத்துப் பாலகுரு மூன்று மாடி கட்டியிருந்தான்.

இசைவாணியின் கணவன் சங்கிலிமுத்து காமாலையில் போய் ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. தாயில்பட்டியில் மாமியார் குருவம்மாளோடு இருந்துகொண்டு தினமும் பஸ் ஏறி வருவாள். ஆகஸ்டில் ஒரு நாள் டீ குடிக்கும்போது பாலகுரு தன் தைரியம் முழுவதையும் திரட்டி, “இன்னொரு வீடு, வாசல்னு உங்களுக்குத் தோணாதா?” என்று கேட்டான். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “ஒரு தடவ போதும்” என்று சொல்லிப் போய்விட்டாள்.

ஒரு தடவை போதும். அவன் மூன்று மாதம் அதையே மென்றுகொண்டிருந்தான். கல்யாணம் என்றால் பட்டதையே மறுபடி படுவது என்று பயப்படுகிறாள் போலும் என்று முடிவு செய்தான். மறுபடியும் என்ற சொல்தான் எதிரி என்று தெரிந்தது.

எதிரியைப் பற்றி அவனுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரியும். முந்தின வருஷம் ஒரு டியூஷன் சென்டர்காரர், ஆங்கிலச் சொற்களுக்கு முன்னால் வரும் ஒட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் அடிக்கக் கொடுத்தார். நாற்பது ஒட்டு. அடித்து முடித்த பிறகு ஆள் வரவே இல்லை. புத்தகம் அச்சாகவில்லை, ஆனால் நாற்பதும் அடித்தவன் மண்டையில் அச்சாகிவிட்டன. ‘அன்’ அவனுக்குப் பிடிக்காது. எதைக் கொடுத்தாலும் இல்லை என்று சொல்கிற ஜாதி. ‘ப்ரீ’ முந்திக்கொண்டு வரிசையில் நிற்கிற ரகம். ‘எக்ஸ்’ தோற்றுப்போன கவுன்சிலர் மாதிரி, பதவி போனாலும் பெயர்ப்பலகையைக் கழற்றாது. ‘மறுபடியும்’ என்று அர்த்தம் தருகிற ‘ரீ’ மட்டும் பாவம், நாள் முழுக்க உழைக்கும். ரிட்டன், ரிபேர், ரீசார்ஜ், ரெசீது என்று நம் ஊர்க் கடைத்தெருவிலேயே அதற்கு எத்தனை வேலை. ரெட்டியபட்டி என்ற ஊர்ப்பெயர் மட்டும் கணக்கில் சேராது.

நவம்பரில் அய்யாதுரை டைரி டம்மி கட்டும்போது, ஜோசியரிடமிருந்து முகூர்த்த நாட்கள் வந்து சேரவில்லை. பதினான்காம் பக்கம் காலி. பாலகுரு இரண்டு மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து ‘ரீ’ கட்டுரையை எழுதினான்.

டம்மி கீழே போனது. மறுநாள் மேலே வந்தது. பதினான்காம் பக்கத்தில் பென்சில் குறிப்பு இருந்தது: ‘நடு மடிப்பில் எழுத்து முங்குது. வெளியே தள்ளவும்.’

அவன் அந்தக் குறிப்பை ஏழெட்டு முறை படித்தான். இதில் ஏதாவது ஜாடை இருக்குமோ? ‘வெளியே’ என்றால் எதற்கு வெளியே? அதே யோசனையில் எழுத்தை வெளிப்பக்கமாகத் தள்ளினான். அழகாக இருந்தது. ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்துப் போட்டான். ஜோசியர் அனுப்பிய முகூர்த்தப் பட்டியல் மேஜையில் டீ டம்ளருக்கு அடியில் வந்து கிடந்ததை அவன் பார்த்தது, அய்யாதுரை ஃபோனை வைத்த பிறகுதான்.

அச்சக முதலாளி ராம்குமார் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் ஏ.சி.யைக் கூட்டுவார். பாலகுரு உள்ளே போனபோது அறை ஊட்டி மாதிரி இருந்தது.

“மிச்சம் எண்ணூறு டைரி அவுக கிட்டங்கியில இருக்காம். முகூர்த்தத்தத் தனிச் சீட்டா அடிச்சாச்சு. நாளைக்குப் போயி அந்தப் பக்கத்து மேல ஒட்டிட்டு வாங்க. பைண்டிங்ல ஒரு ஆளக் கூட்டிக்கோங்க.”

பைண்டிங் பகுதியில் விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் அண்ணே, அண்ணே என்று சிரித்தார்கள். இசைவாணி சிரிக்கவில்லை. “நான் வாரேன்” என்றாள். “எங்க அத்தையையும் கூட்டியாறேன். நாளைக்கு ஞாயித்துக்கிழம, அவுகளுக்கு லீவு. தீப்பெட்டி லேபிள் ஒட்டுற கை. மிஷினு தோத்துரும்.”

மாமியாரா! பாலகுரு தலையை ஆட்டிவிட்டு மாடிக்குத் திரும்பினான்.

மறுநாள் பஸ்ஸில் பெண்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்தார்கள். பாலகுரு பசை வாளியை மடியில் வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பின் சீட்டில். மைதா மாவில், பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. திருத்தங்கல் தாண்டும்வரை பொறுத்திருந்தான். பிறகு முன்னால் குனிந்து மெதுவாகக் கேட்டான்.

“டம்மியில அந்தப் பதினாலாம் பக்கம்… வாசிச்சீகளா?”

“வாசிச்சேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“அதான் எழுதினேனே. மடிப்புல முங்குதுன்னு.”

“இப்ப முங்கலையே?”

“இப்ப முங்கல.” இசைவாணி ஜன்னல் பக்கம் திரும்பினாள். “பிரஷ் எத்தன எடுத்தீக?”

“மூணு.”

“சரி.”

உரையாடல் அத்துடன் விருதுநகர் போய்ச் சேர்ந்தது.

அய்யாதுரையின் கிட்டங்கி பெரிய கிடங்கு, முழுக்க வத்தல் மூட்டை. வாசலிலேயே நெடி வந்து வரவேற்றது. பாலகுரு உள்ளே கால் வைத்து அடுக்கடுக்காகப் பதினோரு தும்மல் போட்டான். அங்கே வேலை பார்க்கிற யாரும் தும்மவில்லை. வெளியூர்க்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். மூட்டைகளுக்கு நடுவில் சாக்கை விரித்து மூவரும் உட்கார்ந்தார்கள். பாலகுரு டைரியைத் திறந்து கொடுக்க, இசைவாணி பசை தடவ, குருவம்மாள் சீட்டை வைத்து ஒரே இழுப்பில் ஒட்டினாள். ஐம்பத்தெட்டு வயது. ஒல்லியான உடம்பு, கை மட்டும் சும்மா இருக்காது, வாயும்தான். சீட்டில் ஒரு சுருக்கம் விழவில்லை.

இருபது டைரி ஆனதும் குருவம்மாள் நிறுத்தினாள்.

“ஏய்யா, இது என்னத்த மூடி மறைக்கிறோம்?”

“அது… இங்கிலீசு சம்பந்தமா ஒரு கட்டுரை பெரியம்மா.”

“எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், கண்ணும் தெரியல. மறைக்கிறது என்னன்னு தெரிஞ்சா கை வெரசா ஓடும். வாசி.”

பாலகுரு இசைவாணியைப் பார்த்தான். அவள் பசை வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கலக்க வேண்டிய அவசியம் அந்தப் பசைக்கு இல்லை.

தன் காதல் கடிதத்தைத் தானே, அதுவும் அவள் முன்னால், அவளுடைய மாமியாருக்கு வாசித்துக் காட்டுகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பாலகுரு தொண்டையைச் செருமினான்.

“ ‘ஆங்கிலத்தில் சொல்லுக்கு முன்னால் வந்து ஒட்டும் துண்டுகளில் அதிகம் உழைப்பது ரீ. இதன் பிறந்த ஊர் ரோமாபுரி. லத்தீனில் இதற்குப் பழைய அர்த்தம் பின்னால், திரும்பி என்பது. மறுபடியும் என்ற அர்த்தம் அதிலிருந்து கிளைத்தது. பிரெஞ்சுக்காரர்களோடு இங்கிலாந்துக்குப் போய், அவர்கள் கொண்டுவந்த சொற்களிலேயே சில நூறு வருஷம் விருந்தாளியாக இருந்துவிட்டு, பிறகு வீட்டுக்காரனாகி, கண்ணில் பட்ட வினைச்சொல்லில் எல்லாம் ஒட்டிக்கொண்டது…’ ”

“எங்க கொழுந்தன் மாதிரி” என்றாள் குருவம்மாள். “ம், மேல வாசி.”

“ ‘ரெஸ்பெக்ட் என்றால் மரியாதை. அதன் உள்ளே இருப்பது திரும்பிப் பார்ப்பது. ஒருவர் கடந்து போன பின்னும் நின்று திரும்பிப் பார்க்கிறோம் அல்லவா, அதுதான். ரெக்கார்டு என்ற சொல்லுக்குள் இருப்பது லத்தீனில் நெஞ்சு. நெஞ்சுக்குத் திரும்பக் கொண்டுவருவது…’ ”

“எங்க தீப்பெட்டிக் கம்பெனியில வருகை ரெக்கார்டு ஒண்ணு வச்சிருக்கான். பத்து நிமிசம் பிந்துனா சிவப்புல கோடு போடுவான். அதுக்குள்ள நெஞ்சு இருக்குன்னு இன்னைக்குத்தான்யா தெரியுது.”

“ ‘ரிபேர் என்றால் திரும்ப ஆயத்தம் செய்வது. பழுது என்ற அர்த்தம் அந்தச் சொல்லுக்குள் எங்கே தேடினாலும் கிடையாது. ஆகவே ரீ என்றாலே பட்டதை மறுபடி படுவது என்று நினைக்க வேண்டாம். யோசித்துச் சொல்லவும்.’ ”

வாசித்து முடித்துவிட்டு நிமிரவில்லை. ஒரு தும்மல் வந்தால் நன்றாக இருக்கும் என்று பார்த்தான். அந்த நேரம் பார்த்து வரவில்லை.

குருவம்மாள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். “எழுதுனவன் நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா கூறு கெட்டவன்.”

“ஏன் பெரியம்மா?”

“என்ன வேணும்னு ஒரு எடத்துலயும் கேக்கல. கேக்காமலே யோசிச்சுச் சொல்லுங்கிறான். என்னத்தன்னு சொல்றது?”

இசைவாணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருமினாள். மிளகாய் நெடியா, வேறு ஏதாவதா என்று பாலகுருவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“யாரு எழுதுனது?”

“எங்க ஆபீஸ்ல ஒருத்தன்.”

“கல்யாணம் ஆயிருச்சா அவனுக்கு?”

“இல்ல.”

“ஆகாது” என்று சொல்லிவிட்டுக் குருவம்மாள் அடுத்த சீட்டை ஒட்டினாள்.

நூற்றெண்பது டைரி ஒட்டியிருப்பார்கள். வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. தடித்த ஆள் ஒருவர் கக்கத்தில் டைரியை இடுக்கிக்கொண்டு நின்றார். அய்யாதுரை கல்லாவை விட்டு எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார்.

“யாரு வந்திருக்கிறது?” என்று குருவம்மாள் பக்கத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஆளிடம் கேட்டாள்.

“சாத்தூர் சீனிச்சாமி. மொதலாளிக்கு ரொம்ப நாள் கூட்டாளி. மொதலாளி அனுப்புன ஒரு லோடு வத்தல்ல ஈரம் இருந்துச்சுன்னு மூணு வருசத்துக்கு முன்னால சண்ட. பேச்சுவார்த்தையே கிடையாது. பழைய விலாசப் பட்டியல எடுத்துப் போட்டு இந்தப் பயலுக அவருக்கும் டைரி அனுப்பிட்டானுக.”

சீனிச்சாமி பதினான்காம் பக்கத்தைத் திறந்து நீட்டினார்.

“இத நீரா போடச் சொன்னீரு?”

அய்யாதுரை பக்கத்தைப் பார்த்தார். பிறகு மூட்டை இடுக்கில் இருந்த பாலகுருவைப் பார்த்தார். பாலகுரு பசை வாளிக்குள் மறைய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாருக்கும் தை முகூர்த்தம் போட்டு அனுப்புறவரு, எனக்கு மட்டும் இதப் போட்டு அனுப்பியிருக்கீரேன்னு நெனச்சேன்” என்றார் சீனிச்சாமி. “ரெண்டு நாளா யோசிச்சேன். ரிபேர்ல பழுதே கெடையாதுன்னு ஒரு வரி போட்டிருக்கீரு பாரும். நான் அன்னைக்கு அம்புட்டுப் பேசியிருக்கக் கூடாது அய்யாதுரை. ஈரம் கொஞ்சம்தான் இருந்துச்சு.”

அய்யாதுரை டைரியை வாங்கி மூடினார்.

“நாந்தான்யா போடச் சொன்னேன்” என்றார். “ஈரம் கொஞ்சமில்ல, நெறையவே இருந்துச்சு. உள்ள வாரும், காப்பி சாப்பிடுவோம்.”

இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு உள்ளறைக்குப் போனார்கள். பாலகுரு வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். தான் எழுதிய கடிதம் பலித்ததைக் கண்ணாலேயே கண்டுவிட்டான். என்ன, வீடு மாறிப் பலித்துவிட்டது.

அரை மணி கழித்து சீனிச்சாமியை வழியனுப்பிவிட்டு அய்யாதுரை நேராக இவர்களிடம் வந்தார். கண்ணோரம் சிவந்திருந்தது. வத்தல் வியாபாரிக்கு அது ஒரு வசதி, யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

“ஒட்டுறத நிறுத்துங்க. மிச்ச டைரியில அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும். முகூர்த்தச் சீட்ட எதிர்ப்பக்கத்துல ஒட்டிருங்க. அங்கன என்ன இருக்கு?”

“தீக்காயத்துக்கு முதலுதவி அண்ணாச்சி.”

“பட்டாசு போடுற நம்ம பக்கத்துக்கு அது இருக்கணும். அதுக்கு அடுத்து?”

“உலகத்தின் நீளமான நதிகள்.”

“அது மேல ஒட்டுங்க. நமக்கும் நதிக்கும் என்ன சம்பந்தம்?” கிளம்பப் போனவர் நின்றார். “ஏய்யா கம்ப்யூட்டரு, நெசத்தச் சொல்லு. இத யாருக்கு எழுதுன?”

குருவம்மாள் கண்ணைச் சுருக்கி அவனைப் பார்த்தாள். ‘ஆபீஸ்ல ஒருத்தன்’ யாரென்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இசைவாணி பிரஷ்ஷை அசைக்கவில்லை.

பாலகுருவுக்கு வாழ்க்கையில் நெருக்கடி வரும்போதெல்லாம் வாயில் ஒரு கேலி தயாராக வந்து நிற்கும். அது அவனைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. என்னத்திலிருந்து காப்பாற்றியது என்று அவன் யோசித்ததில்லை.

“பொதுவாத்தான் அண்ணாச்சி” என்றான். “நாட்டு மக்களுக்கு.”

அய்யாதுரை சிரித்துக்கொண்டே போய்விட்டார். இசைவாணி நைல் நதியின் மேல் பசையை அழுத்தித் தடவினாள்.

“பொதுவாத்தானா?” என்று கேட்டாள், தலை நிமிராமல்.

அவன் பதில் சொல்வதற்குள் அடுத்த டைரியைத் தானே எடுத்துத் திறந்துகொண்டாள். அதன் பிறகு மூவருமாக அறுநூறு சொச்சம் நதிகளை மூடினார்கள்.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு எண்ணெய் புரோட்டாக் கடையில் நுழைந்தார்கள். பாலகுருதான் கூப்பிட்டான். பொரித்த புரோட்டாவை நொறுக்கி, சால்னாவை ஊற்றி, குருவம்மாள் இரண்டு வாய் சாப்பிட்டாள். இசைவாணி தட்டைத் தொடவில்லை.

“கம்ப்யூட்டர்காரரே” என்றாள். “ஆகஸ்டு மாசம் டீ குடிக்கையில என்னைய என்ன கேட்டீக?”

பாலகுரு குருவம்மாளைப் பார்த்தான்.

“அவுக இருக்கட்டும். சொல்லுங்க.”

“இன்னொரு வீடு, வாசல்னு தோணாதான்னு கேட்டேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“ஒரு தடவ போதும்னு.”

“ஆமா. பெத்த வீட்ட விட்டுட்டு ஒரு தடவ வந்தாச்சு. இப்ப இருக்கது எங்க அத்த வீடு. இத விட்டுட்டு, அவுகள ஒத்தையில போட்டுட்டு, இன்னொரு வீட்டுக்குப் போக மாட்டேன்னு சொன்னேன். வீட்டப் பத்திக் கேட்டீக, வீட்டப் பத்திச் சொன்னேன். அதுக்கு நீங்க ரோமாபுரி வரைக்கும் போயிட்டு வந்துட்டீக.”

பாலகுருவுக்குத் தன் இரண்டு மத்தியானப் பட்டினி ஞாபகம் வந்தது. ரெக்கார்டும் ரெஸ்பெக்டும் ஞாபகம் வந்தன. மறுபடியும் என்ற எதிரி அங்கே இல்லவே இல்லை. ஆளில்லாத களத்தில் அவன் தன்னந்தனியாகக் கத்தி சுற்றியிருக்கிறான்.

குருவம்மாள் கையிலிருந்த புரோட்டாத் துண்டைத் தட்டில் போட்டாள்.

“ஏட்டி, என்னையச் சொல்லியா நீ தட்டிக் கழிச்சுக்கிட்டு இருக்க? நான் என்ன நடக்க மாட்டாமயா கெடக்கேன்? இப்பவும் ஒரு நாளைக்கு எத்தன குரோஸ் பெட்டிக்கு லேபிள் ஒட்டுறேன்னு கம்பெனியில வந்து கேளு.”

“ஒட்டுவீக. சாய்ந்தரம் வீட்டுக்கு வந்து யாருகிட்டப் பேசுவீக?”

குருவம்மாள் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தாள்.

பாலகுரு தன் வீட்டை நினைத்துப் பார்த்தான். வீடு என்றால், ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ரெகுலேட்டர் போய் எப்போதும் அஞ்சிலேயே சுற்றுகிற ஃபேன். இதை விட்டு வர மாட்டேன் என்று சொல்கிற அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. அம்மா, அப்பா இல்லை. தம்பி திருப்பூரில்.

“நான் தாயில்பட்டிக்கு வந்துர்றேன்” என்றான்.

“வீட்டோடயா?” என்றாள் குருவம்மாள். “ஊரு சிரிக்கும்யா.”

“ஊரு என்னையப் பாத்துச் சிரிக்கிறது இன்னைக்குப் புதுசா பெரியம்மா? இன்னும் ரெண்டாயிரம் வீட்டுல டைரிய வச்சுச் சிரிச்சுக்கிட்டுத்தான இருக்காக.”

குருவம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். லேபிள் கோணலாக இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை.

“குறட்ட விடுவியா?”

“விடுவேன்.”

“இவ மாமனாரும் விட்டவருதான்” என்று சொல்லிவிட்டு, புரோட்டாத் துண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். “எனக்கு அந்தச் சத்தம் இல்லாமத்தான் இப்ப தூக்கம் வரமாட்டேங்குது.”

இசைவாணி இதற்கெல்லாம் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பாலகுருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தைகிட்டப் பேசிட்டீக. அண்ணாச்சிகிட்டப் பேசிட்டீக. மூவாயிரம் பேருக்கு எழுதிட்டீக” என்றாள். “என்னைய இன்னும் ஒண்ணும் கேக்கலையே.”

வழக்கம்போல வாய்க்குள் ஒரு கேலி வந்து நின்றது. நல்ல கேலிதான். பாலகுரு அதைச் சால்னாவோடு சேர்த்து விழுங்கினான். புரை ஏறியது. தண்ணீர் குடித்தான். குருவம்மாள் அவன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள். கண்ணில் தண்ணீரோடு, டம்ளரைக் கீழே வைக்க மறந்து, அவன் கேட்டான்.

“இசைவாணி, என்னையக் கட்டிக்கிடுறீகளா?”

“கட்டிக்கிடுறேன்” என்றாள் இசைவாணி.